பத்து நாள் வாரம்

— ஏன்டா, ஹால் கடிகாரத்துக்கு என்ன ஆச்சு? நடு மத்தியானத்துல மணி அஞ்சுங்குது!

— ஒண்ணும் ஆகல மேடம். நான்தான் மாத்தி வெச்சேன். ஒரு நாளைக்குப் பத்து மணி, ஒரு மணிக்கு நூறு நிமிஷம். அப்போ நடு மத்தியானம்னா அஞ்சுதானே?

— ஐயோ... இப்பதான் அத்தை போன்ல மணி கேட்டாங்க. அதைப் பார்த்து அஞ்சுன்னு சொல்லித் தொலைச்சேன். சாயங்காலக் காபிக்குப் பாலை அடுப்புல வெச்சிருப்பாங்க!

— அம்மாவுக்கு எப்போ காபி கிடைச்சாலும் சந்தோஷம்தான். நீ இங்க வந்து உட்காரு. ப்ரோகிராம் முடிஞ்சிடுச்சு.

— ரெண்டு வாரமா என்னை விட்டுட்டு லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு அழுததெல்லாம் இதுக்குத்தானா?

— கேளேன். புரட்சி பண்ணப்போ பிரெஞ்சுக்காரங்க இந்தப் பத்து மணிக் கணக்கோட ஒரு காலண்டரும் போட்டாங்க. எந்தத் தேதியைக் குடுத்தாலும் இது அதுக்கு மாத்திக் குடுக்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேரு. காய், பூ, மிருகம்... உன் பொறந்தநாளைப் போடறேன் பாரு. கேரட்!

— இத்தனை வருஷமா தெரியாமப் போச்சே. சரி, உன்னுதைப் போடு.

— அது... அதை இன்னும் டெஸ்ட் பண்ணல.

— நகரு, நானே போடறேன்... கழுதை!

— சிரிக்காத.

— ப்ரோகிராம்ல தப்பே இல்லடா. புட்டுப் புட்டு வைக்குது.

— போதும் போதும். இதுல முக்கியமான விஷயமே வேற. வாரத்தைப் பாரு.

— வாரத்துக்கு என்ன?

— இவங்களுக்கு வாரத்துக்குப் பத்து நாள். ஒம்பது நாள் வேலை, பத்தாவது நாள் லீவு.

— சாப்பிட வா, ஆறிடும்.

— ஒம்பது நாள் வேலை, ஒரு நாள் லீவு. வேற எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?

— ...யாரு சொன்னா உனக்கு?

— உன் மேனேஜர். நீ குளிச்சிட்டிருந்த, நான் போனை எடுத்தேன். மலையைக் குடைஞ்சு ரயில் விடற வேலையாம். மூணு வருஷம் அங்கயே தங்கணுமாம், ஒம்பது நாள் வேலைக்கு ஒரு நாள்தான் லீவாம். நீதான் தலைமை இன்ஜினியராம். "வேண்டாங்கறாங்க, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க சார்"ங்கறாரு. எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல. ஆமா சார், ஆமா சார்னு சமாளிச்சேன்.

— உன்கிட்ட சொல்லியிருந்தா போகச் சொல்லுவ. அதான் சொல்லல.

— பின்ன? சுரங்கம்னா உசுரை விடறவ நீ. எனக்காக வேண்டாம்னு சொல்லிட்டு, கமுக்கமா சோறு பரிமாறிட்டிருக்க.

— கல்யாணத்தன்னிக்கு என்ன பேசினோம்? கப்பல் வேலைக்குப் போன உங்கப்பா வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாருன்னு சொல்லி அழுத. ஒரு வாரத்துக்கு மேல பிரிஞ்சிருக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கின. நீ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்டா.

— அதை மீறச் சொல்லலையே. இனிமே நம்ம வீட்டுல இதுதான் காலண்டர். நீ வாரா வாரம் வந்துடுவ. சத்தியம் சத்தியமாவே இருக்கும்.

— மூணு வருஷம்... தனியா இருந்துடுவியா?

— கஷ்டமாத்தான் இருக்கும். ராத்திரி வீடு வெறிச்சுன்னு கிடக்கும். ஆனா நீ ஆசைப்பட்டதை விட்டுட்டு இங்க உட்கார்ந்திருக்கறதைத் தினம் பார்க்க முடியாதும்மா. அது அதைவிடக் கஷ்டம்.

— சரி, வருஷக் கடைசியில எந்த மாசத்துலயும் சேராம அஞ்சு நாள் தனியா நிக்குதே, அதை என்ன பண்ணுவ?

— அது மொத்தமும் நமக்குத்தான். நீ லீவு போட்டுட்டு... இரு, இரு. அந்த அஞ்சு நாளைப் பத்தி நான் இன்னும் வாயே திறக்கலையே. உனக்கெப்படித் தெரியும்?

— லேப்டாப்பைத் திறந்து போட்டுட்டு ஒரு ராத்திரி நீ குறட்டை விட்டா, நான் பார்க்க மாட்டேனா? வாரத்தைப் பார்த்ததுமே எல்லாம் புரிஞ்சிடுச்சுடா. உன் பக்கத்துல உட்கார்ந்து அழுதேன், நீ புரண்டுகூடப் படுக்கல. மறுநாளே மேனேஜர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். 'போயிட்டு வா'ன்னு உன் வாயால ஒரு தடவை கேக்கணும்னுதான் இவ்வளவு நேரம் ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கேன்... இன்னும் நீ சொல்லல.