ஒற்றைப்படைப் பக்கங்கள்

பென்சிலை நான் எப்போதும் பிளேடால்தான் சீவுவேன், சார். சீவும் டப்பாவில் போட்டுத் திருகினால் முனை உடைந்துபோகிறது. பிளேடு நம் பேச்சைக் கேட்கும். காலையில் ஆபீஸுக்குப் போனதும் இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் என்று நாலு பென்சில் சீவி வைத்துவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பேன். நீங்கள் என்னவோ கேட்க, நான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாக நினைக்க வேண்டாம். என் உத்தியோகமே அந்தப் பென்சில்தான்.

அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை எடுக்கும் அலுவலகத்தில் இணைத்தன்மைப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வேதியியல் ஆசிரியர் வேலைக்கு வேதியியல் பட்டம் வேண்டும். கல்லூரிகள் சும்மா இருக்குமா? பயன்முறை வேதியியல், தொழில்முறை வேதியியல் என்று ஆளுக்கொரு பெயரில் பட்டம் கொடுத்துவிடும். படித்தவர்கள் தேர்வெழுதி, ஜெயித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்கு வந்து நிற்பார்கள். அந்தப் பட்டமும் இந்தப் பட்டமும் ஒன்றுதானா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்தான்.

இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். மூலப் பட்டத்தில் நாற்பது அலகுகள். அவற்றில் எத்தனை மற்றதிலும் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் குறி போடுவேன். முப்பது பொருந்தினால் இணை. இருபத்தொன்பது என்றால் இல்லை, வீட்டுக்குப் போகலாம். மேலே ஐந்து பேராசிரியர்கள் கொண்ட குழு உண்டு. பெரிய மனிதர்கள். நான் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பதினாறு வருஷத்தில் ஒருவர்கூட ஒரு தாளைத் திருப்பிப் பார்த்ததில்லை.

ஆபீஸில் எனக்குத் தராசு என்று பெயர். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன், அதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் மனைவி படித்தது பயன்முறை வேதியியல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆசிரியர் தேர்வு எழுதினாள். நூற்றைம்பதுக்கு நூற்றுப்பதினெட்டு. சரிபார்ப்பில் நிறுத்தினார்கள், அவள் கல்லூரிப் பாடத்திட்டம் அதுவரை யாராலும் ஒப்பிடப்படவில்லை. கோப்பு என் மேஜைக்கு வந்தது. இது என் வீட்டு விஷயம், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அதிகாரியிடம் முறையாகச் சொன்னேன். “உங்களை நம்பாம வேற யாரை நம்புறது?” என்றார். ஒப்பிட்டேன். இருபத்தேழு வந்தது. ‘இணையில்லை’ என்று எழுதி மேலே அனுப்பினேன்.

அன்று மத்தியானம் ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. “சொந்தப் பொண்டாட்டின்னுகூடப் பார்க்கலியேப்பா, மனுஷன் தராசு” என்று பதிவறைக்காரர்தான் முதலில் சொன்னார். பெரியவர், எனக்கு அண்ணன் மாதிரி. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

வீட்டில் அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, “இன்னொரு தடவை எண்ணிப் பாருங்களேன்” என்றாள். எண்ணியாயிற்று என்றேன். கோர்ட்டுக்குப் போகிறேன் என்றாள். சான்றிதழ்கள் பீரோவில் இருந்தன. அவற்றை எடுக்கக் கை நீட்டினாள். நான் கதவை மூடினேன். கை உள்ளே இருந்தது. இரும்பு பீரோ, கதவு லேசில் சாத்தாது. தோளைக் கொடுத்து அழுத்த வேண்டும். இருபது வரை எண்ணிவிட்டுத் திறந்தேன். வலது கையில் இரண்டு விரல். காற்றில் கதவு அடித்துவிட்டது என்று டாக்டரிடம் அவளே சொன்னாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது, வீட்டுப் பேச்சை வெளியே கொண்டுபோகிறவள் இல்லை. விரல்கள் கோணலாகச் சேர்ந்தன. அதற்கப்புறம் கோர்ட் பேச்சு எடுக்கவில்லை.

தேர்வை மட்டும் விடவில்லை. இன்னும் இரண்டு தடவை எழுதினாள், கோணல் விரலோடு. இரண்டு தடவையும் ஜெயித்தாள். இரண்டு தடவையும் சரிபார்ப்பில் அதே இருபத்தேழு அவளை வெளியே அனுப்பியது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது. அதே கல்லூரியில் படித்த இன்னும் ஐம்பத்தொரு பேரையும் அதே எண் அனுப்பியது. விதி எல்லாருக்கும் ஒன்றுதானே. அவள் தெருப் பெண்பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் பதினைந்து ஜோடிச் செருப்பு கிடக்கும். தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டும்.

இந்த வருஷத் தேர்விலும் ஜெயித்திருந்தாள். அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி நாற்பது வயது முடிகிறது. அதோடு வாய்ப்பு முடிந்தது. வயது வரம்பு நாற்பது.

எனக்குத் தெரியாமல் ஒரு மனு போட்டிருக்கிறாள். தன் பட்டம் எந்தப் பாடத்திட்டத்தோடு, எந்தத் தாள்களை வைத்து ஒப்பிடப்பட்டது, நகல் வேண்டும் என்று. மனு நேராகப் பதிவறைக்குப் போய்விட்டது. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்குப் பெரியவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

பதிவறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்தில் ஓடும் இரும்பு அலமாரிகள். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஓரத்தில் உள்ள சக்கரத்தைச் சுற்றினால் நகர்ந்து, ஆள் நுழைய வழி விடும். அவர் உள்ளே நின்றிருந்தார். கையில் கோப்பு, இன்னொரு கையில் கல்லூரி அனுப்பிய அசல் புத்தகம். முகமெல்லாம் சிரிப்பு.

“தம்பி தராசு, இந்தக் கூத்தைப் பாரேன். கோப்புல இருக்கிற நகல்ல ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழுன்னு ஒத்தைப்படைப் பக்கம் மட்டுந்தான் இருக்கு. அசல்ல ரெண்டு பக்கமும் அச்சடிச்சிருக்கான். ஜெராக்ஸ் எடுத்த மகராசன் தாளைத் திருப்பவே இல்லைய்யா!”

“பார்க்கலாம்ணே.”

“என்னத்தப் பார்க்குறது, நான் எண்ணிட்டேன். பின்பக்கத்துல ஆறு அலகு இருக்கு. முப்பத்துமூணு வருது. உன் வீட்டம்மாவுக்கு வேலை கெடைச்ச மாதிரிதான். ஸ்வீட் எடு, கொண்டாடு.”

நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவருக்கு வாய் நிற்காது. பன்னிரண்டு மணிக்குள் முழு ஆபீஸுக்கும் சொல்லிவிடுவார். அவர் குனிந்து கீழ்த்தட்டில் வேறு எதையோ தேடினார். நான் சக்கரத்தைச் சுற்றினேன்.

முதல் சுற்றில், “டேய் தம்பி, உள்ள ஆள் இருக்கேன்” என்று சிரித்தார். இரண்டாவது சுற்றில் சிரிப்பு இல்லை. மூன்றாவதில் அவர் நெஞ்சுக்கு அலமாரி வந்தது. கையை ஊன்றித் தள்ளினார், பலசாலிதான். நான்காவதுக்கு நான் என் முழு எடையையும் சக்கரத்தில் போட்டுத் தொங்க வேண்டியிருந்தது. காய்ந்த சுள்ளியை மிதித்த சத்தம் கேட்டது, ஒன்றன்பின் ஒன்றாக. வாயிலிருந்து வந்தது பேச்சு இல்லை, ரத்தம். அவர் கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கோபம் இல்லை, குழப்பம்தான். அசைவு நின்ற பிறகு இரண்டு சுற்றுத் தளர்த்திப் புத்தகத்தை உருவிக்கொண்டேன். அட்டை நனைந்திருந்தது. அட்டையைக் கிழித்து அங்கேயே போட்டேன்.

அலமாரிச் சக்கரத்தின் பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்து என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த பிரேக் பழுதென்று நாலு மாதத்துக்கு முன்பே நான்தான் குறிப்பு எழுதியிருந்தேன், அதுவும் கோப்பில் இருந்தது. இரங்கல் தீர்மானத்தை எழுதும் பொறுப்பையும் எனக்கே கொடுத்தார்கள். நன்றாக வந்திருந்தது என்று அவர் மனைவியே சொன்னார்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. பெரியவர் சுறுசுறுப்பானவர். என்னைக் கூப்பிடுவதற்கு முதல்நாளே மனுவுக்குப் பதிலைப் பதிவுத் தபாலில் சேர்த்திருக்கிறார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தபால் வந்தது. அவள் தாள்களைக் கூடத்துத் தரையில் பரப்பிவைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க, இங்க வாங்களேன். ஒண்ணு, மூணு, அஞ்சு. ரெண்டும் நாலும் எங்கங்க போச்சு? பெரியவர் போறதுக்கு முன்னாடி அசலோட நகலையும் சேர்த்து அனுப்பியிருக்காரு, புண்ணியவான். பின்பக்கத்துல எல்லாமே இருக்குங்க. முப்பத்துமூணு!”

அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். கல்யாணமான புதிதில்கூட அவளை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்கே ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

“நீங்க என்ன பண்ணுவீங்க பாவம், குடுத்ததைத்தானே எண்ணுவீங்க. திங்கக்கிழமை நீங்களே ஒரு குறிப்பு எழுதி மேல வெச்சிடுங்க. ஆனைக்கும் அடி சறுக்கும். யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க. எனக்கு மட்டும் இல்லங்க, அந்த அம்பத்தோரு பேருக்கும் வழி பொறக்கும்.”

சொல்லிக்கொண்டே தாள்களை அடுக்கினாள். ஒவ்வொரு ஒற்றைப்படைப் பக்கத்தின் அடியிலும் ‘உண்மை நகல்’ என்று முத்திரை இருக்கும். அதன் மேல் நகல் எடுத்தவரின் சுருக்கொப்பம். என்னுடையது. பதினாறு வருஷமாக எங்கள் பிரிவில் நகல் எடுப்பது நான்தான், மெஷின் என் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் விரல் அந்த ஒப்பத்தின் மேல் நின்றது. அந்தக் கோணல் விரல். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “சரி, போகட்டும் விடுங்க. ஒம்பது வருஷந்தானே” என்றாள்.

சார், எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போகட்டும் விடுங்க என்று சொல்ல அவள் யார்? பதினாறு வருஷம் மற்றவர்களுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று சொன்னவன் நான்.

“அந்த நாடாவை எடுங்களேன், கட்டி வெச்சிடுறேன்” என்று கை நீட்டினாள். கோப்பு கட்டும் பருத்தி நாடா, வீட்டில் ஒரு சுருள் கிடக்கும். எடுத்து இரண்டாக மடித்தேன். அவள் குனிந்துதான் இருந்தாள். கழுத்தில் போட்டு, முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்தேன். அந்த நாடா அறாது. எவ்வளவு பெரிய கோப்புக் கட்டையும் தாங்கும். என் உள்ளங்கையைத்தான் அறுத்தது, பாருங்கள். அவள் கால் உதைத்து ஜன்னலோரத்துக் கரும்பலகை விழுந்தது. நகத்தால் தரையைப் பிறாண்டினாள். நாடாவுக்கும் தொண்டைக்கும் நடுவே அந்த இரண்டு கோணல் விரலையும் நுழைத்துவிட்டாள். அவற்றை மறுபடி உடைக்க வேண்டியதாயிற்று. நினைத்ததைவிட நேரமானது.

பிறகு கை கழுவினேன். தாள்களையும் புத்தகத்தையும் அடுப்பில் வைத்து எரித்தேன். மத்தியானச் சாப்பாடு மூடி வைத்திருந்தாள், சாப்பிட்டேன். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டின. இன்றைக்கு வகுப்பு இல்லை என்றேன். முன்னால் நின்ற பெண் என் கை இடுக்கு வழியாக உள்ளே பார்த்துவிட்டு அலறினாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

தெரியாமல் நடந்த தவறை மறைக்கப் போய்த்தான் இரண்டு கொலை என்று உங்கள் மேலதிகாரி நினைக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் இல்லை நான். தாளைத் திருப்ப மறக்கவில்லை. அசலைக் கையில் வாங்கியபோதே இரண்டு பக்கமும் அச்சு என்று தெரியும். முழுதாக ஒரு தடவை எண்ணியும் பார்த்தேன், முப்பத்துமூன்று. அதன் பிறகுதான் முன்பக்கங்களை மட்டும் நகலெடுத்தேன்.

காரணம் எழுதியாக வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். என் பட்டம் வேதியியல். பெயரில் ஒட்டு, வெட்டு எதுவும் கிடையாது. ஊரில் உள்ள பட்டங்களையெல்லாம் எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களோ, அந்தப் பட்டம். அதை வைத்துக்கொண்டு அதே தேர்வை நான் மூன்று முறை எழுதினேன். எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, எழுபத்தொன்று. அவள் சமைத்துக்கொண்டே படித்து, முதல் தடவையிலேயே நூற்றுப்பதினெட்டு. அதில் எனக்குப் பொறாமை என்று எழுத வேண்டாம். பொறாமை வேறு. ஒரு ஒழுங்கு வேண்டும் இல்லையா, அதைத்தான் பார்த்தேன்.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துவிட்டேன். நாள், நேரம், நாடா, சக்கரம் எல்லாம் நான் சொன்னபடிதான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம். இறந்தவரின் தொழில் என்ற இடத்தில் உங்கள் எழுத்தர் ‘ஆசிரியை’ என்று போட்டிருக்கிறார். தெருவில் யாரையோ கேட்டு எழுதியிருப்பார். அவளுடைய பட்டம் இன்றைய தேதி வரைக்கும் இணையில்லை, சார். அதை அடித்துவிட்டுக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.