லோகநாயகியின் உத்தரவில் தம் பெயரை எழுதச் சொன்ன பார்த்தசாரதி ஐயாவுக்கு

கண்ணியமே கவசமாய், கடமையே கைத்தடியாய், செங்கல்பட்டிலிருந்து நாள்தோறும் பஸ்சில் நின்றபடியே வந்து எங்கள் கணிப்பொறிக் கூடத்தைக் கட்டிக் காத்து, இன்று பணி ஓய்வு பெறும் பெருந்தகையே! வணக்கம்.

துண்டு துண்டாய் எழுதிய புரோகிராம்களை ஒரே கட்டளையில் ஒன்றுசேர்க்கும் கருவியை ஆக்கித் தந்தீர்கள். எதை எப்படிச் சேர்ப்பது என்ற விதிகளைத் தனியே ஓர் அமைப்புக் கோப்பில் வைத்தீர்கள். விதி மாறினால் கோப்பில் ஒரு வரி மாறும். கருவியைத் தொட வேண்டாம். மழையில் கரைந்த உப்புப் பாத்தியை முதலிலிருந்து மிதித்துக் கட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வெறுமனே புகழ்ந்தால் தாங்களே சிரிப்பீர்கள். எழுபத்தேழு ஆவணியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். சடையன் சோதனைக்கென எழுதிய தம் அமைப்புக் கோப்பைப் பொது இடத்தில் விட்டுவிட்டு அச்சரப்பாக்கத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மறுநாள் தற்காலிகப் பணியாளர் லோகநாயகி, எழுதிக் கொடுத்த கட்டளையை அப்படியே அடித்தார். கருவியோ கட்டளையை விட்டு, கண்ணில் பட்ட அந்தக் கோப்பின்படி நடந்தது. வாய் திறந்து சொல்லவுமில்லை. மூன்று நாள் வேலை பாழ். லோகநாயகியை வேலையிலிருந்து நீக்க மேலிடத்தில் உத்தரவு தயாரானது.

"இன்னா சார் இது? குட்த்தத தான அட்ச்சேன்? எம்மேல இன்னா தப்பு கீது?" என்று அவர் அழ, ஊரிலிருந்து திரும்பியிருந்த சடையன் உட்பட அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம்.

"அழாதேம்மா. நீ சொன்னதைக் கேக்காம அது பாட்டுக்கு ஒரு கோப்பை எடுத்துதே, அதை அப்படிக் கட்டினவன் நான்தான்" என்றீர்கள். உத்தரவில் அவர் பெயரை அடித்துத் தங்கள் பெயரை எழுதச் சொன்னீர்கள். அவர் வேலை நிலைத்தது. தங்களை நீக்கவில்லை என்றாலும், தங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவேயில்லை.

அந்த வாரமே கருவியைத் திருத்தினீர்கள். அடிப்பவர் சொல்லுக்கே முதலிடம். அடுத்து அந்தந்த வேலையின் கோப்பு. பொதுக் கோப்பு கடைசி. தெரியாத விதி வந்தால் நின்று, எந்த வரி என்று காட்டும். ஒவ்வொரு விதியும் எங்கிருந்து வந்ததென்று தாளின் தலையிலேயே அச்சடிக்கும். அதன்பின் அடித்தவர் தலையில் வீண்பழி விழுந்ததில்லை.

ஐயா, அன்று நாங்கள் பேசியிருக்க வேண்டும். பிழைப்புக்குப் பயந்து பேசவில்லை. மாலையும் பொன்னாடையும் போட்டுவிட்டு இதை மறைத்தால் எங்கள் சோறு செரிக்காது. மன்னியுங்கள்.

நோய் நொடி அண்டாமல், பேரன் பேத்தி சூழ, பல்லாண்டு நலமே வாழ்க!

கூடத்தார் அனைவர் சார்பில், கோப்பை விட்டுச் சென்ற

சடையன்
30.6.1979