இறால் ஓட்டுக் கரி

கழுத்தின் வலது பக்கம் எனக்கு எப்போதும் ஒரு வலி உண்டு சார். வடலூர்ப் பக்கம் செங்கல் சூளையில், பள்ளிக்கூட லீவெல்லாம் கல் சுமந்தது. தைலம் தேய்த்தால் அடங்கும், போகாது. நான் சாய்ந்து உட்கார்ந்து பேசுவதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கதிர்வேலும் நானும் சிதம்பரத்தில் ஒரே ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்தோம். அவன் கிள்ளைக்காரன், கடல் உயிரியல். நான் மெக்கானிக்கல். இறால் ஓட்டைத் தண்ணீரோடு மூடிய இரும்புக் கலனில் போட்டுச் சூடேற்றினால் கரியாகும். அந்தக் கரி சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கும். யோசனை அவனுடையது. கலன் என்னுடையது. லேத்தில் கடைந்து, வெல்டிங் வைத்து, கண் எரிய நான் செய்தது.

பலதுறை ஆராய்ச்சி என்று கதவில் பெரிதாக எழுதியிருக்கும். நடைமுறை எளிது. அவன் சொல்கிற உயிரியலை நான் சரிபார்ப்பதில்லை. நான் சொல்கிற இரும்பை அவன் சரிபார்ப்பதில்லை. பார்க்கத் தெரியவும் தெரியாது.

அவன்மேல் எனக்கு வெறுப்பில்லை. அவன் அம்மா லோகநாயகி கட்டிக்கொடுக்கிற மீன் குழம்பில் பாதி எனக்குத்தான். "அந்தப் புள்ளைக்கும் சேத்துதான் வச்சிருக்கேன்னு சொல்லுடா" என்று அனுப்புவார்.

இந்தக் கரி ஆராய்ச்சியை மேற்கொண்டு செய்ய ஜப்பானுக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றார்கள். எங்கள் பேராசிரியர் திருநாவுக்கரசு கதிர்வேல் பெயரைக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதே போய்க் கேட்டேன்.

"விஞ்ஞானம் அவனுது தம்பி. நீ சட்டிதான செஞ்சி குடுத்த?"

"வுடு மச்சான், சட்டிக்கும் ஒரு டிக்கெட் கேட்டுப் பாக்கறேன்" என்றான் கதிர்வேல். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். கல் சுமந்தவன் பெயரை யாரும் வீட்டு வாசலில் எழுதுவதில்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். இரண்டாவது தடவையும் சுமந்துவிட்டேனே என்பதுதான் கழுத்தில் வலித்தது.

கலனின் தலையில் ஒரு சேஃப்டி வால்வு. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து ஆவியை விடும். ஆவி சீறினால் சூட்டைக் குறை என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வேறு எதையும் அவன் பார்க்கமாட்டான். அந்த வால்வு கொஞ்ச நாளாகக் கசிந்தது. கசிகிற துளையில் போல்ட்டை இறக்கி அடைத்து ஓட்டுவது பட்டறைகளில் நடக்கிறதுதான். நானும் அடைத்தேன்.

ஜப்பானுக்குக் கொண்டுபோகிற கரிக்காக அன்று சூட்டைக் கூட்டப்போனான்.

"வால்வு சரியாயிடுச்சா மச்சான்?"

"இனிமே கசியாது" என்றேன். அதில் பொய்யில்லை.

டீ குடிக்கப் போனேன். சத்தம் கேட்டபோது பாதி டம்ளர் இருந்தது. குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். சூளையில் வளர்ந்தவன் டீயைக் கீழே ஊற்றமாட்டான்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் லோகநாயகி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயாவது வெளிய போயிருந்தியே சாமி" என்றார். தோளில் சாய இடம் கொடுத்தேன். வலிக்காத பக்கம்தான்.

கவனக்குறைவு என்று உங்கள் ஸ்டேஷனில் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் போல்ட்டின் தலையை அறுத்து, துளைக்குள் இறக்கி, அதன்மேல் வால்வை மறுபடி பூட்டியதும் நான்தான். அவன் கண்ணில் படக்கூடாது என்றுதான் பூட்டினேன். வெடிக்கும் என்று தெரியுமா என்றால், அது என் துறை சார்.

மற்றபடி நான் யாருக்கும் பாக்கி வைக்கிறவன் இல்லை. லோகநாயகி அம்மாவுக்கு ஒரு டிபன் கேரியர் திருப்பித் தரவேண்டும். கழுவி, என் மேசைக்கடியில் வைத்திருக்கிறேன்.