கானுல் வீட்டுக்கு வந்த ரொட்டிக் கூடை

ரெமிஹியோ: கூடையை அங்கேயே வை. துணியை அவிழ்க்காதே.

லிஹியா: ரொட்டிதானேப்பா... ஆறிடும்.

ரெமிஹியோ: ஆறட்டும். ஃபெலிபா, உன் மகளைக் கேளு. மேசை மேல என்ன இருக்குன்னு அவளே சொல்லட்டும்.

ஃபெலிபா: நீங்களே கேளுங்க. எதிர்லதானே நிக்கிறா.

லிஹியா: ரொட்டி. சாக்லேட். மெழுகுவத்தி. ஒரு பாட்டில் சோம்புச் சாராயம்.

ரெமிஹியோ: இந்த ஊர்ல இதையெல்லாம் ஒண்ணா வச்சு, குளிச்சு முழுகி, பெரியவங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு ஒருத்தன் வாசல்ல வந்து நின்னா என்ன அர்த்தம்?

லிஹியா: ...பொண்ணு கேக்க வந்திருக்கான்னு அர்த்தம்.

ரெமிஹியோ: அப்ப உங்க யோனாஸ் வந்து நின்னதுக்கு?

லிஹியா: அவர் லித்துவேனியாக்காரர்ப்பா. நான் பாடம் சொல்லிக் குடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு மழைத்தண்ணித் தொட்டி கட்ட வந்த தொண்டர். நம்ம வழக்கம் அவருக்கு எங்க தெரியும்? ரெண்டு நாள் கூடப் போய் ஊர் சுத்திக் காட்டினேன்ல... அதுக்கு நன்றி.

ரெமிஹியோ: நன்றி சொல்ல கடைக்கார காசிமிரோ எதுக்கு? அவர் பொண்டாட்டி எதுக்கு?

லிஹியா: அவங்க வீட்லதானே தங்கியிருக்கார். தனியா வரக் கூச்சமா இருந்திருக்கும்.

ரெமிஹியோ: தொட்டி மேல சட்டையில்லாம நின்னு பாடுறவனுக்குக் கூச்சமா?

ஃபெலிபா: இன்னிக்குச் சட்டை போட்டிருந்தாரே.

ரெமிஹியோ: போட்டிருந்தான். வெள்ளைச் சட்டை. நெஞ்சுல மடிப்பு வச்சது. கை மணிக்கட்டு வரைக்கும் வரல.

ஃபெலிபா: வளர்ந்த ஆளு... லிஹியா, அடுப்பைப் பாரு.

ரெமிஹியோ: அடுப்பு அணைஞ்சு கிடக்கு. நீ உக்காரு. சனிக்கிழமை எங்க போனீங்க?

லிஹியா: இடிபாடு பாக்க.

ரெமிஹியோ: இடிபாடுன்னு சொல்லாதே. நம்ம மாயா ஆளுங்க கட்டின ஊரு. கூரை இல்ல, அவ்வளவுதான்.

லிஹியா: சரி, கூரையில்லாத ஊருக்குப் போனோம். நெலி சித்தியும் வந்தாங்க. ராத்திரி சித்தி வீட்லதான் தங்கினோம். கேளுங்க.

ரெமிஹியோ: கேட்டுட்டேன். அவன் என்ன பண்ணினான்? கோபுரத்துக்கு முன்னால நின்னு கையைத் தட்டினானா, எதிரொலி வருதான்னு? வெள்ளைக்காரங்க எல்லாரும் தட்டுவாங்களே.

லிஹியா: கோபுரத்தை அவர் பாக்கவே இல்ல.

ரெமிஹியோ: என்னது?

லிஹியா: பின்பக்கம் தரையில ஒரு ஓட்டை இருக்குல்ல... பழைய மழைத்தண்ணித் தொட்டி. அது பக்கத்துல குப்புறப் படுத்துட்டார். தலையை உள்ள விட்டு டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார். காவலாளி வந்து காலைப் பிடிச்சு இழுத்தார்.

ஃபெலிபா: ஐயோ பாவம்.

லிஹியா: எழுந்து வந்து, "இந்தப் பூச்சு இன்னும் விரிசல் விடலை. நான் பூசினது போன மாசமே வெடிச்சிடுச்சு"ன்னார். மூஞ்சியெல்லாம் மண்ணு.

ரெமிஹியோ: ...அப்படிச் சொன்னானா?

லிஹியா: சொன்னார்.

ரெமிஹியோ: பரவாயில்ல. கண்ணு இருக்கு. சரி, இன்னிக்குக் காலையில?

லிஹியா: செனோத்தேக்கு, அந்தப் பாறைக் கிணறுகளுக்கு. ரெண்டு பாத்தோம். ஒண்ணு திறந்தவெளி, கூட்டம். இன்னொண்ணு குகைக்குள்ள... ஏணியில இறங்கணும். தண்ணி நீலமா, ஐஸ் மாதிரி.

ரெமிஹியோ: நீயும் இறங்கினியா?

லிஹியா: இறங்கினேன்.

ரெமிஹியோ: எப்படி?

லிஹியா: சட்டையோடதான்ப்பா. சித்தி கரையில உக்காந்து என் செருப்பைக் காவல் காத்தாங்க.

ரெமிஹியோ: செருப்பைத்தான் காத்தாளா...

ஃபெலிபா: என்னங்க.

ரெமிஹியோ: தண்ணிக்குச் சொந்தக்கார தேவதைங்ககிட்ட அனுமதி கேட்டானா, இல்ல தவளை மாதிரி குதிச்சானா?

லிஹியா: கேட்டார். நான் சொல்லிக் குடுத்தேன். கொசுக்களிம்பை மேல நின்னு கழுவிட்டு, தொப்பியைக் கழட்டி, மாயா மொழியில கேட்டார். ஏணி பிடிக்கிற ஆள் சிரிச்சான். இவர் சிரிக்கல.

ரெமிஹியோ: நீ சொல்லிக் குடுத்தே.

லிஹியா: ஆமா.

ரெமிஹியோ: வேற என்ன சொல்லிக் குடுத்தே?

லிஹியா: ...வேற ஒண்ணுமில்ல.

ரெமிஹியோ: நல்லது. அப்ப தெரியாமதான் கொண்டு வந்திருக்கான். விஷயம் முடிஞ்சுது. கூடையை எடு. விடியறதுக்குள்ள திரும்பிப் போகணும்.

லிஹியா: திரும்பியா?

ரெமிஹியோ: ரொட்டியைத் தின்னா மறுபடி வான்னு அர்த்தம். திருப்பி அனுப்பினா இனிமே வராதேன்னு அர்த்தம். தெரியாமக் கேட்டவனுக்கு வேற என்ன பதில் இருக்கு?

ஃபெலிபா: காசிமிரோ பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லுவா. கானுல் வீட்டுப் பொண்ணை ஒருத்தன் தவறிப்போய்க் கேட்டுட்டான்னு.

ரெமிஹியோ: சொல்லட்டும். தவறிப்போய்க் கட்டிக் குடுத்தாங்கன்னு சொல்றதை விட அது மேல். அடுத்த மாசம் தொட்டி வேலை முடியுது, அவன் ஊருக்குப் போயிடுவான். சிரிப்பு நமக்குத்தான் மிஞ்சும்.

லிஹியா: போக மாட்டார்.

ரெமிஹியோ: என்ன?

லிஹியா: பக்கத்து ஊர்லயும் தொட்டி கேட்டிருக்காங்க. இருக்கேன்னு சொல்லிட்டார்.

ரெமிஹியோ: தொட்டிக்காக இருப்பான். அதுக்கும் இந்தக் கூடைக்கும் என்ன சம்பந்தம்? எடு.

லிஹியா: அப்பா...

ரெமிஹியோ: எடும்மா. துணியை அவிழ்க்காம அப்படியே கொண்டு போ.

லிஹியா: மாட்டேன்.

ஃபெலிபா: சொல்லிடுடி.

லிஹியா: அவருக்குத் தெரியும்ப்பா. எல்லாம் தெரியும். குகைக்குள்ள, தண்ணியில மிதந்துக்கிட்டே கேட்டார்... "உங்க வீட்ல எப்படிக் கேக்கணும்?"னு. நான்தான் சொன்னேன். என்னென்ன வாங்கணும், யாரைக் கூட்டிட்டு வரணும், வாசல்ல எங்க நின்னு, மாயாவுல என்ன சொல்லிக் கேக்கணும்... வர்ற வழியில பஸ் முழுக்க அந்த வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தார். எனக்கும் சம்மதம். இப்ப திருப்பி அனுப்புங்க.

ஃபெலிபா: என்னங்க, ஒண்ணு கேக்கறேன். இந்தத் துணி முடிச்சு... நீங்க விறகுக்கட்டுக்குப் போடுற முடிச்சு மாதிரி இருக்கே?

ரெமிஹியோ: கண்ணு நல்லாத்தான் தெரியுது உனக்கு.

ஃபெலிபா: லிஹியா, அவிழ்.

லிஹியா: அம்மா... ஒரு ரொட்டியில பாதி இல்ல.

ரெமிஹியோ: வாசல்ல நின்னு தப்பில்லாமச் சொன்னான். தெரியாம வந்தவன் வாயில அந்த வார்த்தை வராது. அவன் தெருமுனை திரும்பும்போதே தின்னுட்டேன். என் மக தன் வாயால சொல்றாளா, இல்ல திருடி மாதிரி நிக்கிறாளான்னுதான் இவ்வளவு நேரம் பாத்தேன்.

லிஹியா: அப்ப... சரின்னு சொல்லலாமா அவர்கிட்ட?

ரெமிஹியோ: கானுல் வீட்டுப் பொண்ணு ஒரு கூடைக்குப் போக மாட்டா. இன்னும் ரெண்டு தரம் வரணும். ஃபெலிபா, அடுத்த தரம் அவனுக்கு என் சட்டையை எடுத்துக் குடுக்காதே.