கடைசி ரெண்டு நம்பர்

— கடைசி ரெண்டு நம்பரை மட்டும் இன்னொரு தடவை படிங்க.

— நாலு, ஏழு. எத்தனை தடவைம்மா படிக்கிறது? வண்டிக்கு அடியில மல்லாந்து கிடக்கேன், கண்ணுல துரு கொட்டுது.

— கடிதாசுல நாலு, ஆறுன்னு இருக்கே.

— கண்ணாடியைப் போட்டுப் பாரு.

— போட்டுக்கிட்டுதான் பாக்குறேன். வண்டியைச் செஞ்ச இங்கிலாந்து கம்பெனிக்காரன் தெளிவா டைப் அடிச்சிருக்கான். இந்த வண்டியோட சேஸிஸ் நம்பர் நாப்பத்தாறுலதான் முடியணும்.

— ஆறு தேஞ்சு ஏழா தெரியுதோ என்னமோ.

— ஆறு எங்கயாவது ஏழா தேயுமா? தேஞ்சது நீங்கதான், இதைத் துடைச்சுத் துடைச்சு.

— மணி என்ன?

— பத்தரை. பதினோரு மணிக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் வந்துடுவாரு. நம்பர் ஒத்துப்போகலன்னா திருட்டு வண்டின்னு எழுதி இழுத்துக்கிட்டுப் போயிடுவாராம். நல்லா இருக்கும், தெருவே வேடிக்கை பாக்கும்.

— இன்ஜின் நம்பரைப் படி, பாப்போம்.

— முடியறது முப்பத்தொண்ணு.

— இங்க எம்பது. பாத்தியா! நான் சொல்றேன்ல, எல்லாம் எங்கண்ணன் வேலை. ரெண்டு வண்டியையும் அவன் ஷெட்டுல நிறுத்தினதுதான் தப்பு. அங்கேர்ந்து கோவிச்சுக்கிட்டு வந்த நாள்லேர்ந்து கதவு சாத்துற சத்தமே மாறிப்போச்சு. ரெண்டாவது கியர் முனகுது. என் சாமானையெல்லாம் கழட்டி அவன் வண்டியில மாட்டிக்கிட்டான்.

— இன்ஜினைக் கழட்டினாரு, சரி. சேஸிஸையும் உருவிட்டாராக்கும்?

— அவன் உருவுவான்.

— அவர் வண்டியும் இதே பச்சைதானே?

— ஒரே நாள்ல ஒரே ஆள்கிட்ட வாங்கினது. அந்த வாரம்தான் ரெண்டுக்கும் புதுசா பெயிண்ட் அடிச்சு, நம்பர் பிளேட்டைக் கழட்டி வச்சிருந்தோம். "உனக்கு ஓட்டத்தான் தெரியும், பராமரிக்கத் தெரியாது"ன்னான் பாரு, அதே வேகத்துல என் பிளேட்டைத் தூக்கி உள்ள போட்டேன், சாவியைத் திருகினேன், கிளம்பிட்டேன்.

— எந்தச் சாவி?

— என் சாவிதான். அந்தக் காலத்து வண்டிம்மா, ஒரு சாவி பத்து வண்டியைத் திறக்கும்...

— ஏன் நிறுத்திட்டீங்க?

— ஒண்ணுமில்ல.

— கடவுளே! இருங்க, அக்காவுக்குப் போன் போடுறேன்.

— எந்த அக்கா?

— உங்க அண்ணி.

— அவங்ககூட நீ பேசுறியா?

— பதினோரு வருஷமா, வாராவாரம். முறைப்பு உங்க ரெண்டு பேருக்குத்தானே, எங்களுக்கு என்ன வந்துச்சு? ஹலோ, அக்கா? உங்க ஷெட்டுல நிக்கிற வண்டியோட சேஸிஸ் நம்பர்... ஐயோ, மாமாவா!

— இங்க பாரும்மா, நாப்பத்தாறு. குனிஞ்சு பாக்கவே வேணாம், எனக்கு மனப்பாடம். போனை அவன்கிட்ட குடு.

— அவர் வண்டிக்கு அடியில கிடக்காரு மாமா. ஸ்பீக்கர்ல போடுறேன், பேசுங்க.

— டேய்.

— அண்ணே... அப்ப என் வண்டி உன்கிட்டயா?

— இங்க பாரு, ஞாயித்துக்கிழமை தவறாம ஸ்டார்ட் பண்ணி, ஆயில் பாத்து வச்சிருக்கேன். நீ என் வண்டியை ஓட்டிக்கிட்டு, நான் உன் சாமானைத் திருடினேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச.

— இன்ஸ்பெக்டர் இன்னும் அரை மணியில வந்துடுவாருண்ணே.

— இங்க கூட்டிக்கிட்டு வா. கடிதாசையும் எடுத்துக்கோ.

— உனக்கு எப்ப தெரியும்?

— நீ கேட்டைத் தாண்டுறதுக்குள்ளயே. ரெண்டாவது கியர் முனகுச்சே, என் வண்டியாச்சே.

— தெரிஞ்சுமா ஒரு வார்த்தை சொல்லல? பதினோரு வருஷம்ணே!

— சொல்லியிருந்தா எவனாவது டிரைவரை அனுப்பி மாத்திக்கிட்டிருப்ப. நீயா வருவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்டா.