அலாரம் வராத மீன் கிடங்கு

ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு அலாரம்கூட வரலன்னு சந்தோஷப்பட்டேன் தேவி" என்று அவர் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

"ஏன் வரல?"

"மீன் கிடங்கு நெட்வொர்க்க வெளியாளுங்க தொடக்கூடாதுன்னு ஃபயர்வால்ல ஒரு ரூல் போட்டேன். ஐஸ் ரூம் மெஷின் நின்னா எனக்கு வர்ற அலாரத்தயும் அதுவே தடுத்துடுச்சு. என் ஸ்கிரீன் பச்சையாவே இருந்துச்சு."

"ஆபீஸ்ல இருந்தே மாத்த முடியாதா?"

"அந்த ரூல் என்னயும் உள்ள விடலயே. அதான் நேர்ல போறேன்."

"மீனு?"

"எல்லாம் கெட்டுப்போச்சு."

"அங்க யாருமே இல்லயா?"

"அந்த வயசான மலாய் செக்யூரிட்டி, பாக் சிக், இருந்தாரு லா. ரூம் சூடா இருக்குன்னு போன் பண்ணாரு. ஸ்கிரீன்ல எல்லாம் நல்லாருக்கு, கவலப்படாதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

"இப்ப அவரு?"

"கவனிக்கலன்னு கிடங்குக்காரங்க வேலய விட்டு நிறுத்திட்டாங்க."

"அலமாக்! உங்க முதலாளிகிட்ட உண்மைய சொல்லுங்க."

"சொன்னேன். கிடங்குக்காரங்களுக்குத் தெரியவே கூடாதுன்னுட்டாரு."

தேவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணவர் கைபேசியை எடுத்துப் பார்த்தார்.

"பாக் சிக் மெசேஜ் போட்டிருக்காரு. மெஷின் சரியாயிடுச்சான்னு கேக்குறாரு."