ஐயா ஊரில் இல்லை

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவருடைய வெள்ளைக் கால்சட்டையின் விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள், கீழ் வீட்டில் குடியிருக்கும் பெண். அந்தக் கால்சட்டைக்குள் முக்காலி மேல் நின்றபடி பழைய நடிகர் பொரிந்து தள்ளினார்.

"...நீயே சொல்லும்மா, இது நியாயமா? காலைலயே ஷூட்டிங்குக்குக் கார் அனுப்புறோம்னானுங்க. வெயில் உச்சிக்கு வந்துடுச்சு. காரும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல."

கார் வந்திருந்தது. ஐயா ஊரில் இல்லை என்று அதைத் திருப்பி அனுப்பியவள் அவள்தான். அது அவர் உத்தரவு. சொந்தமாகப் படம் எடுத்த காலத்தில், விடிந்தால் போதும், போட்டோவும் கையுமாக வாய்ப்பு கேட்டு வாசலில் கூட்டம் நிற்குமாம். அப்போது போட்ட உத்தரவை, ஈ காக்கை வராத இந்தக் காலத்திலும் குடிவந்த அன்றே அவளிடம் சொல்லிவைத்தார்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் வாயில் ஊசி. ஊசி இல்லாவிட்டாலும், சொந்தப் பிள்ளையைக் கொஞ்சவே அக்கம்பக்கம் பார்க்கிறவள் அவள். அவர் எங்கே இடம் விட்டார்?

குண்டு பட்டு, மாடிப்படியில் உருண்டு, விஷப் பால் குடித்து... எந்தப் படத்திலும் இடைவேளையைத் தாண்டியதில்லையாம். வெறுத்துப்போய், கடைசிவரை உயிரோடிருக்க வேண்டும் என்றே சொந்தப் படம் எடுத்தாராம். பார்க்க வந்தவர்கள், இவன் எப்போது சாவான் என்று காத்திருந்து ஏமாந்து, திட்டிக்கொண்டே போனார்களாம். அந்த நஷ்டத்தில்தான் கீழ் வீடு வாடகைக்குப் போனது.

"இந்தப் படத்துல கடைசி வரைக்கும் இருக்கேம்மா. பேத்தி கல்யாணத்துல ஆடுறேன், பாரு."

ஆடிக் காட்டினார். முக்காலி ஆடியது. ஊசி அவள் விரலில் ஏறியது. சட்டென்று அவர் குரல் இறங்கிவிட்டது.

"மறந்துட்டானுங்க போல, இல்ல?"

அவளுக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு ஊசியாக வாயிலிருந்து எடுத்தாள்.

"ஐயா... காலைல ஒரு..."

கீழேயிருந்து மாமியார் கத்தினாள்: "ஏ பொண்ணு, இறங்கி வா! காலைல நீ திருப்பி அனுப்புன கார்க்காரர் மறுபடி வந்திருக்கார். ஐயா ஊர்ல இல்லைன்னு நானும் சொல்லிட்டேன். அப்ப மாடியில அந்தக் குரல் யாரோடதுன்னு கேக்குறாரு!"

அவள் எழுவதற்குள், பழக்கதோஷத்தில், தெருவே அதிர அவர் முழங்கினார்: "யாரா இருந்தாலும் நான் ஊர்ல இல்லைன்னு சொல்லும்மா, நான் வர்றதுக்கு... இரு இரு, கார்க்காரர்னா, எந்தக் கார்?"